அளவுகோல் யார் கையில்?

(பொதுக்கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் ஒரு பகுதி)



வயல் எல்லை குறித்து வழக்கு வந்தால், பிரதிவாதி தன் கோலால் அளந்து சொல்வதை எந்த நீதிபதியாவது அப்படியே ஏற்பாரா? நில அளவையாளரை அனுப்புவார். கடலில் எண்ணெய் கசிந்த வழக்கொன்றிலோ இந்த நியாயம் பல ஆண்டுகள் மறக்கப்பட்டது.

2004ஆம் ஆண்டு செப்ரெம்பரில் ஐவன் சூறாவளி மெக்சிக்கோ வளைகுடாவைத் தாக்கியது. கடலடிச் சேறு சரிந்து, லூசியானாக் கரைக்கு அப்பால் டெயிலர் எனர்ஜிக் கம்பனியின் எண்ணெய் மேடை கவிழ்ந்தது. கிணறுகள் சேற்றில் புதையுண்டன. எண்ணெய் கசியத் தொடங்கியது. பொதுமக்கள் இதனைப் பெரிதும் அறியார். 2010இல் அதே வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொறைசன் மேடை வெடித்தது. அவ்விபத்தை வானூர்தியிலும் செய்மதிப் படங்களிலும் கவனித்தோர், அதனோடு தொடர்பில்லாத வேறோர் எண்ணெய்ப் படலத்தையும் கண்டனர்.

செய்மதி எண்ணெயைக் காண்பது எவ்வாறு? அது அனுப்பும் ராடார் அலை, கடலின் சிற்றலைகளிற் பட்டுத் திரும்புகிறது. எண்ணெய் படர்ந்த இடத்தில் சிற்றலைகள் அடங்கிவிடும். படத்தில் அவ்விடம் கருமையாகத் தோன்றும். இரவும் முகிலும் அதற்குத் தடையல்ல. ஆயினும் காற்றில்லாத வேளையில் வெறும் நீரும் கருமையாகவே தோன்றும். ஆகவே விமானமோ கப்பலோ சென்று உறுதிசெய்தல் வேண்டும். ஒரு சாட்சியை மறு சாட்சி உறுதிப்படுத்துவது போன்றதே இது.

கசிவு நாளொன்றுக்கு மூன்று கலனுக்கும் குறைவு என்றது கம்பனி. அரசாங்க ஆய்வாளரும் பல்கலைக்கழக ஆய்வாளரும் கசியும் இடத்துக்கே கருவிகளை இறக்கி அளந்தனர். 2019இல் வெளிவந்த அவர்களது அறிக்கை 9 முதல் 108 பீப்பா வரை என்றது. ஒரு பீப்பா 42 கலன். அவர்கள் கூறிய மிகக் குறைந்த அளவே கம்பனியின் கணக்கைப்போல் நூறு மடங்குக்கும் அதிகம்!

அவ்வாண்டு ஏப்ரலில் கரையோரக் காவற்படையின் ஏற்பாட்டில் கசிவின்மேல் கவசம் பொருத்தப்பட்டு, எண்ணெய் சேகரிக்கப்பட்டது. அதற்குள் பதினான்கு ஆண்டுகள் கழிந்துவிட்டன. 2021இல் கம்பனி 4 கோடி டொலருக்கும் அதிகமான தொகையைச் செலுத்த உடன்பட்டது.

நண்பர்களே! நம் மன்னார்க் கடற்படுகையில் 2011ஆம் ஆண்டு எரிவாயு கண்டறியப்பட்டது. நாளை அங்கே மேடை எழுமானால், உரிமப்பத்திரத்திலேயே மூன்று நிபந்தனைகள் எழுதப்படல் வேண்டும். கசிவை அளப்பவர் கம்பனியின் சம்பளம் பெறாதவராக இருத்தல் வேண்டும். செய்மதிப் படங்களும் அளவுகளும் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடப்படல் வேண்டும். கடற்றொழிலாளர் கண்டு சொல்வது சாட்சியமாகப் பதியப்படல் வேண்டும்.

இவற்றை இன்றே கேளுங்கள். அளவுகோல் கம்பனியின் கையில் இருக்குமானால், நட்டஈடும் கம்பனி சொன்ன அளவாகவே இருக்கும்.