கலைப் பள்ளியும் பெற்றோர் மனமும்

(ஆலய நவராத்திரி விழாவை ஒட்டிப் பெற்றோருக்காக ஆற்றப்பட்ட உரை)

 

நவராத்திரியின் ஒன்பது இரவுகளிலும் ஆலய மேடைகளில் ஆடிப் பாடும் சிறார்களுள் பெரும்பாலோர் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்கள். அதற்கு மேற்பட்ட வயதினர் மேடையில் குறைந்துகொண்டே போவதை ஆண்டுதோறும் விழாவுக்கு வருவோர் அறிவர். காரணம் தெரிந்ததே. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு வருகிறது. நடன வகுப்பு ஓராண்டுக்கு நிறுத்தப்படுகிறது. அந்த ஓராண்டு பின்னர் முடிவதேயில்லை. சலங்கை அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடுகிறது.

சில இல்லங்களில் மட்டும் வேறொரு கேள்வி எழுகிறது. கலையைப் பள்ளிக்கு இடையூறாக எண்ணாமல், கலையையே பள்ளிப் பாடமாக்கிக் கொண்டால் என்ன? அதற்கென்றே பொதுப்பணத்தில் நடைபெறும் பள்ளி ஒன்று சிங்கப்பூரில் இருக்கிறது. அதில் பிள்ளையைச் சேர்ப்பது பற்றிப் பெற்றோர் நடுவே இரண்டு எண்ணங்கள் நிலவுகின்றன. ஒன்று, அது எதிர்காலம் அற்ற பாதை என்னும் அச்சம். மற்றொன்று, அது நல்ல பள்ளி ஒன்றுக்குள் நுழையக் கிடைத்த எளிய வாயில் என்னும் கணக்கு. இரண்டுமே பிள்ளைக்குத் தீங்கு செய்யக்கூடியவை. அச்சமாவது பிள்ளையின்மீது கொண்ட அக்கறையிலிருந்து பிறக்கிறது. கணக்கு பிள்ளையைப் பார்ப்பதேயில்லை.

சோட்டா என்று மக்கள் சுருக்கமாக அழைக்கும் சிங்கப்பூர்க் கலைப் பள்ளி 2008-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. 2010-இல் டோபி காட் பகுதியில் இன்றுள்ள கட்டடத்துக்கு இடம்பெயர்ந்தது. ஏனைய பள்ளிகளைப் போல் இது கல்வி அமைச்சின் கீழ் இயங்குவதன்று. கலாசார, சமூக, இளையர்துறை அமைச்சின் பொறுப்பில் உள்ளது. இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. பள்ளி எதற்காகப் படைக்கப்பட்டது என்பதை அது சொல்லிவிடுகிறது. நடனம், இசை, நாடகம், காண்கலை, திரைப்படம், இலக்கியக் கலை ஆகியவற்றுள் ஒன்றை முதன்மைக் கலையாகக் கொண்டு, கணிதம், அறிவியல், மொழிகள் முதலியவற்றையும் சேர்த்து ஆறு ஆண்டுகள் பயிலவேண்டும். ஆறாம் ஆண்டு முடிவில் அனைத்துலகப் பட்டயத் தேர்வு வருகிறது. அதே அமைப்பின் தொழில்சார் பாடத்திட்டத்தில் சேர்ந்து கலைக்குக் கூடுதல் இடமளிக்கும் வழியும் உண்டு.

அப்பள்ளி அமைந்துள்ள சாலைக்கு சுபைர் சயித் சாலை என்று பெயர். மாஜுலா சிங்கப்பூரா என்னும் நாட்டுப்பண்ணை இயற்றிய பெருமகனார் அவர். 1907-இல் சுமத்திராவின் புக்கிட்டிங்கியில் பிறந்தவர். ஊர்த்தலைவராய் இருந்த அவருடைய தந்தைக்கு மகன் இசையில் ஈடுபட்டது பிடிக்கவில்லை. இசை சமய நெறிக்குப் புறம்பானது என்று கருதினார். மகனோ 1928-இல் தந்தையின் விருப்பத்துக்கு மாறாக வீட்டைவிட்டுச் சிங்கப்பூருக்குக் கப்பலேறி, பங்சாவான் நாடகக் குழு ஒன்றில் சேர்ந்தார். முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1958-இல், நகராட்சி மன்றத்துக்காக அவர் அமைத்த பாடலே மறு ஆண்டு நாட்டுப்பண் ஆயிற்று. தந்தை மறுத்த ஒரு பிள்ளையின் பெயர் தாங்கிய சாலையில், தாய்தந்தையர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தோடு இன்று பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள். ஆனால், வீட்டைவிட்டு வெளியேறிய அந்த இளைஞருக்கு அப்போது வயது இருபத்தொன்று. இங்கே முடிவெடுக்க வேண்டிய பிள்ளைக்கு வயது பன்னிரண்டு. ஆகவே முடிவின் பெரும்பங்கு பெற்றோரின் தோளில்தான் விழுகிறது.

தொடக்கநிலை ஆறாம் வகுப்பில், இறுதித் தேர்வுக்கு முன்னரே தெரிவு நடைபெறுகிறது. நடனத்துக்கு விண்ணப்பிக்கும் சிறுமியை எண்ணிப் பாருங்கள். ஐந்தாண்டு பரதம் பயின்றவள். ஆலய மேடையில் அலாரிப்பும் பதமும் ஆடி அனைவரது கைதட்டலையும் பெற்றவள். உள்ளே அவள் தனியே போகிறாள். தாய் வெளியே அமர்ந்திருக்கிறாள். அவள் தயாரித்து வந்த உருப்படியைப் பார்ப்பதோடு தெரிவாளர்கள் நிறுத்திக்கொள்ளாமல், இதற்குமுன் கேட்டிராத இசை ஒன்றை ஒலிக்கவிட்டு, தோன்றியபடி அசைந்து காட்டு என்று கூறவும்கூடும். அடவும் சொல்லும் பிசகாமல் ஆடுவதே நேர்த்தி என்று பழகிய பிள்ளை அந்தக் கணத்தில் திகைத்து நிற்பது இயல்பு. அது அவளது குறையன்று. அவளுக்குக் கற்பித்த ஆசிரியையின் குறையுமன்று. இரண்டு கலைமரபுகள் இரண்டு வகையான திறனைக் கேட்கின்றன. அதை முன்கூட்டியே அறிந்திருந்தால், திரும்பும் வழியில் ரயிலில் அந்தத் தாய் சொல்லும் சொற்கள் வேறாக இருக்கும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். இத்தகைய பள்ளியின் நடனப் பயிற்சிக்குப் பாலேயும் தற்கால நடனமுமே அடித்தளம். பரதநாட்டியத்தை அதன் முழு ஆழத்தில் இந்நாட்டில் காத்து வளர்த்தவை பெரும்பாலும் தனியார் கலைக்கூடங்கள். 1949-இல் தோன்றிய சிஃபாஸ் எனப்படும் சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம், 1952-இல் கே.பி. பாஸ்கர் தொடங்கிய நாட்டியக் கழகம், 1977-இல் நீலா சத்தியலிங்கம் அவர்கள் கணவருடன் நிறுவிய அப்சராஸ் ஆகியவற்றின் தொண்டை இங்குள்ள மூத்தோர் நன்கறிவர். நீலா சத்தியலிங்கம் அவர்கள் 1989-இலும், சாந்தா பாஸ்கர் அவர்கள் 1990-இலும் கலாசாரப் பதக்கம் பெற்றனர். ஆகவே, மகள் பரதத்தில் தேர்ந்த நர்த்தகியாக வேண்டும் என்பது மட்டுமே நோக்கமானால், கலைப் பள்ளிதான் அதற்கு வழி என்று நினைப்பதற்கில்லை. கலைப் பள்ளியில் சேர்ந்தபின் பரதத்தையும் தொடர விரும்பும் பிள்ளைக்கு மாலையில் இன்னொரு வகுப்பு, இன்னொரு குரு, இன்னொரு உடல்மொழி. சில பிள்ளைகள் இரண்டையும் தாங்குகிறார்கள். சிலர் ஓரிரு ஆண்டுகளில் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். விடப்படுவது பெரும்பாலும் பரதமாகவே இருக்க நேர்கிறது. இது வருத்தத்துக்குரியது. எனினும் பழியை ஒருவர் மேல் சுமத்த இதில் ஏதுமில்லை. நாளுக்கு இருபத்து நான்கு மணி நேரந்தான்.

பள்ளியில் இடம் கிடைத்த பிள்ளையின் முதலாண்டு பெற்றோர் எதிர்பாராத ஒன்றைக் கொண்டுவருகிறது. தொடக்கப்பள்ளியில் ஆசிரியர் தினம் என்றாலும் தீபாவளி என்றாலும் முன்வரிசையில் நின்று ஆடியவள் அவள். புதிய பள்ளியிலோ எல்லாரும் முன்வரிசைப் பிள்ளைகள். அங்கே அவள் பின்வரிசையில் நிற்கிறாள். வீட்டுக்கு வந்து பேசாமல் படுத்துக்கொள்கிறாள். கணிதத்தில் மதிப்பெண் குறைந்தால் துணைப்பாட ஆசிரியரைத் தேடலாம். நான்கு நிமிட நடனத் துண்டு ஒன்றில் உயிர் இல்லை என்று ஆசிரியர் சொல்லிவிட்டால் தந்தை என்ன செய்வார்? வீட்டுப்பாடத்தைச் சரிபார்த்தே பிள்ளை வளர்த்த தலைமுறைக்கு, சரிபார்க்க முடியாத ஒரு பாடம் கைகளைக் கட்டிப்போட்டது போல் இருக்கிறது. பிள்ளை ஆடும் ஆட்டம் நல்லதா அன்றா என்பதே பெற்றோருக்கு விளங்காமல் போகலாம். விளங்காத ஒன்றின்மேல் நம்பிக்கை வைத்துக் காத்திருப்பதுதான் இப்பள்ளி பெற்றோரிடம் கேட்கும் உழைப்பு. கட்டணத்தைவிட அது கடினம். கட்டணமும் வழக்கமான அரசாங்கப் பள்ளிகளைவிடக் கூடுதலே. வசதி குறைந்த குடும்பங்களுக்கு நிதியுதவி உண்டு, கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

இனி அந்தக் கணக்கைப் பற்றி. இறுதித் தேர்வில் என்ன கிடைக்குமோ என்றஞ்சும் பெற்றோர் சிலர், கலை வழியே உள்ளே நுழைந்துவிட்டால் ஆறு ஆண்டுகளும் பட்டயத் தேர்வும் உறுதி, பின்னர் மருத்துவமோ சட்டமோ படித்துக்கொள்ளலாம் என்று எண்ணுகின்றனர். இப்பள்ளியிலிருந்து வெளிவருவோரில் கணிசமானோர் கலை சாராத துறைகளுக்குச் செல்வது உண்மையே, அதில் தவறுமில்லை. ஆனால் கலையில் விருப்பமில்லாப் பிள்ளைக்கு அங்கே ஒவ்வொரு நாளும் மணிக்கணக்கில் ஒத்திகை. அதன்பின் மற்ற மாணவர் படிக்கும் அத்தனை பாடமும். பட்டயத் தேர்வுக்கு ஆறு பாடங்களோடு நாலாயிரம் சொற்கள் வரை நீளும் ஆய்வுக் கட்டுரையும் எழுதவேண்டும். ஏனைய பள்ளி மாணவர் நான்காம் ஆண்டில் எழுதும் பொதுத்தேர்வை இம்மாணவர் எழுதுவதில்லை. ஆகையால் பதினைந்து வயதில் இது எனக்கு ஒத்துவரவில்லை என்று பிள்ளை சொன்னால், கையில் சான்றிதழ் ஏதுமின்றி வேறிடம் தேட நேரிடும். எளிய வாயில் என்று நினைத்து நுழைந்தவர்களுக்கு வெளியேறும் வாயில் குறுகலாய் இருக்கிறது.

இந்த இழுபறி சிங்கப்பூருக்கு மட்டும் உரியதன்று. பொதுப்பணத்தில் நடைபெறும் கலைப் பள்ளிகளுள் பழமையானதும் புகழ்மிக்கதுமான ஒன்று நியூயார்க் நகரில் உள்ளது. இராணுவ இசைக்குழுத் தலைவர் ஒருவரின் மகனான மேயர் லகார்டியா 1936-இல் இசைக்கும் ஓவியத்துக்குமாக ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1940-களின் இறுதியில் நிகழ்கலைக்கென மற்றொன்று தோன்றியது. 1984-இல் இரண்டும் ஒரே கட்டடத்தில் ஒன்றாகி அவர் பெயரையே தாங்கின. அங்கே கட்டணம் இல்லை. நிகழ்கலைப் பள்ளியில் 1952-இல் படிப்பை முடித்தவர் ஆர்தர் மிட்செல் என்னும் கறுப்பின இளைஞர். பன்னிரண்டு வயதிலேயே குடும்பத்துக்குச் சம்பாதிக்க வேண்டிய நிலைமைக்கு ஆளானவர். அவர் ஆடியதைக் கண்ட பள்ளி ஆலோசகர் ஒருவரே கலைப் பள்ளிக்கு விண்ணப்பிக்கத் தூண்டினார். பின்னாளில் அவர் நியூயார்க் நகரப் பாலே குழுவின் முதல் கறுப்பின முதன்மை நடனராகி, 1969-இல் ஹார்லெம் வட்டாரத்தில் தம் இனப் பிள்ளைகளுக்கென ஒரு நடனப் பள்ளியையும் குழுவையும் நிறுவினார். அதே நிகழ்கலைப் பள்ளியில் சேர்ந்த அல் பச்சீனோ படிப்பை முடிக்காமலேயே வெளியேறினார். பள்ளியின் பெருமைப் பட்டியலில் இருவர் பெயரும் இருக்கின்றன!

ஆனால் 2019-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் அப்பள்ளியின் மாணவர் நூற்றுக்கணக்கில் கூடத்தில் அமர்ந்து மறியல் செய்தனர். கலைத்திறனுக்கு மேலாக ஏட்டுக்கல்வி மதிப்பெண்ணுக்கு முதலிடம் தரப்படுகிறது, மிட்செலைப் போன்றோர் இன்று விண்ணப்பித்தால் இடம் கிடைக்காது போகலாம் என்பது அவர்களுடைய மனக்குறையின் சாரம். பின்னர், உயர்நிலைப் பாடங்கள் குறைக்கப்படுமோ, பிள்ளைகளின் பல்கலைக்கழக வாய்ப்பு பாதிக்கப்படுமோ என்று பெற்றோர் சிலர் எதிர்த்திசையிலிருந்து குரலெழுப்பினர். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. ஒரே பள்ளியில் பிள்ளை ஒன்றைத் தேடி வருகிறது, பெற்றோர் மற்றொன்றைத் தேடி வருகின்றனர். எண்பதாண்டு அனுபவமுள்ள பள்ளியிலேயே தீராத இந்தச் சிக்கல், வீட்டுக்குள் மட்டும் பேசாமலே தீர்ந்துவிடுமா?

ஆண்பிள்ளைகளின் பெற்றோருக்கு இன்னொரு கவலையும் உண்டு. நடனமணியின் உடல் மெருகேறும் பதினெட்டு, பத்தொன்பது வயதில் இரண்டாண்டு தேசிய சேவை வருகிறது. பயிற்சி தொடர்ந்து நடைபெறாது. இதை முன்னரே அறிந்து, மகனுடன் மனந்திறந்து பேசி வைப்பது பின்னர் ஏற்படும் மனமுறிவைக் குறைக்கும். காயங்களும் அப்படியே. கணுக்கால் சுளுக்கிக்கொண்ட கணித மாணவன் நாற்காலியில் அமர்ந்து தேர்வெழுதிவிடுவான். நடன மாணவிக்கு அது ஒரு பருவத்தையே விழுங்கிவிடும்.

பள்ளி ஆண்டுதோறும் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படும் நாள் ஒன்று உண்டு. விண்ணப்பத்தைப் பற்றி எண்ணுவதற்கு ஓராண்டு முன்னதாக, ஐந்தாம் வகுப்பிலேயே, பிள்ளையை அழைத்துக்கொண்டு போய்வருவது நலம். அங்கே அதிகாரிகளிடம் கேட்கும் கேள்விகளோடு, மூன்றாம் நான்காம் ஆண்டு மாணவர் ஒருவரைக் கண்டு, காலையில் எத்தனை மணிக்கு எழுகிறாய், எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறாய், சென்ற மாதம் எதற்காக அழுதாய் என்றும் கேட்கலாம். கேட்டுவிட்டுப் பெற்றோர் சற்று விலகி நின்றால், பிள்ளைகள் இருவரும் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். வீடு திரும்பும்போது பிள்ளை என்ன சொல்கிறது என்பதைக் கேட்டபின், விண்ணப்பத்தை நிரப்புவதா வேண்டாமா என்பதை முடிவு செய்துகொள்ளலாம்.