2003: காத்திருந்த ஆண்டு



ஒரு படத்துக்காகக் காத்திருப்பதும் அதைப் பார்ப்பதில் ஒரு பாதி என்று நம்புகிறவன் நான். அந்தப் பாதி செழித்து விளைந்த ஆண்டு 2003. அமெரிக்காவில் மே 15 அன்று 'மேட்ரிக்ஸ் ரீலோடட்', நவம்பர் 5 அன்று 'மேட்ரிக்ஸ் ரெவல்யூஷன்ஸ்', டிசம்பர் 17 அன்று மோதிரக் கதைத் தொடரின் கடைசிப் படமான 'தி ரிட்டர்ன் ஆஃப் த கிங்'. முதல் இரண்டும் அறிவியல் புனைவு, மூன்றாவது மிகுபுனைவு. எந்தத் தொடர் சிறப்பாக முடியும் என்று ரசிகர்கள் கட்சி கட்டிக்கொண்டு வாதாடினார்கள்.

மோதிரக் கதையின் ரசிகர்களுக்கு முடிவு முன்பே தெரியும். அதை எழுதிய டோல்கீனின் மூன்றாம் பாகம் 1955இலேயே புத்தகமாக வந்துவிட்டது. இரண்டாம் பாகம் 1954 நவம்பரில் வந்தது. அதன் கடைசிப் பக்கத்தில் மோதிரத்தைச் சுமந்து செல்லும் நாயகன் ஃபிரோடோ எதிரிகள் கையில் சிக்கிக் கிடக்கிறான். அன்றைய வாசகர்கள் அவன் கதி என்னவென்று அறிய மறு அக்டோபர் வரை பொறுத்திருந்தார்கள். 2003இன் ரசிகருக்கு அந்தத் தவிப்பு இல்லை. ஷீலாப் என்ற ராட்சதச் சிலந்தி புத்தகத்தில் இரண்டாம் பாகத்திலேயே வந்துவிடும்; இயக்குநர் பீட்டர் ஜாக்சன் அதை மூன்றாவது படத்துக்குத் தள்ளிவைத்தார். அந்தச் சிலந்தியின் குகையை எப்படிக் காட்டப்போகிறார் என்பதுதான் படித்தவர்களின் ஓராண்டுக் கேள்வி.

மேட்ரிக்ஸுக்குக் கைப்பிடிக்க நூல் எதுவும் கிடையாது. கதையின் சில துண்டுகளை 'அனிமேட்ரிக்ஸ்' குறும்படங்களிலும் ஒரு வீடியோ கேமிலும்கூட ஒளித்து வைத்திருந்தார்கள். 'ரீலோடட்' முடிவில் நாயகன் நியோ கையை உயர்த்துகிறான். துரத்தி வந்த இயந்திரங்கள் செயலற்று விழுகின்றன. அது கணினி உருவாக்கிய மாய உலகில் நடக்கவில்லை, நிஜ உலகில் நடக்கிறது! அப்படியானால் நிஜம் என்று நாம் எண்ணியதும் இன்னொரு மாயைதானா? அதற்கும் வெளியே ஓர் உலகம் உண்டா? ஏறக்குறைய ஆறு மாதம் ரசிகர்கள் இதையே கிளறினார்கள். ஒவ்வொரு வசனத்தையும் வக்கீல்போல் குறுக்கு விசாரணை செய்தார்கள். படம் பார்ப்பவர் கதை கட்டுபவராக மாறிய அந்த ஆறு மாதத்தை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

நவம்பர் 5 அன்று 'ரெவல்யூஷன்ஸ்' பல நாடுகளில் ஒரே கணத்தில் திரையேறியது. நியூயார்க்கில் காலை 9 மணி, லண்டனில் பிற்பகல் 2, டோக்கியோவில் இரவு 11. யாரும் யாருக்கும் முன்கூட்டி முடிவைச் சொல்லிவிட முடியாது. ஆனால் நியோவின் சக்தி எப்படி வந்தது என்ற பெரும் கேள்விக்கு, அது இந்த உலகையும் தாண்டிச் செல்வது என்று குறிசொல்லும் பாத்திரமான ஆரக்கிள் ஓரிரு வாக்கியத்தில் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறாள். ரசிகர்கள் எழுப்பிய ஏழடுக்கு மாளிகைக்கு அந்த வாசல் மிகச் சிறியது. இயக்குநர்களான வச்சோவ்ஸ்கி உடன்பிறப்புகளின் துணிச்சலை மதிக்கிறேன். அந்தக் காட்சியில் மட்டும் இன்றும் எனக்கு மனத்தாங்கல் உண்டு.

ஜாக்சனின் படம் 11 ஆஸ்கர் விருதுகளை வென்றது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது டிசம்பர் 1, 2003. படத்தின் முதல் காட்சி நடந்த நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில், வீதியின் இருபுறமும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டு நின்றார்கள். அந்த மோதிரம் எங்கே விழும், யார் கையோடு விழும் என்பது அரை நூற்றாண்டாக அச்சில் இருந்த செய்திதான்; ஆனாலும் அத்தனை பேர் வந்து நின்றார்கள்.