துவிச்சக்கர வண்டியும் துணிவும்

சிறுவயதில் எளிதாகவும் வளர்ந்தபின் அரிதாகவும் தோன்றும் வித்தைகள் சில உண்டு. நீந்துதல் அவற்றுள் ஒன்று. துவிச்சக்கர வண்டி ஓட்டுதல் மற்றொன்று. சிறுவன் ஒருவன் வண்டியிலிருந்து விழுந்தால் முழங்கால் மட்டுமே தேய்கிறது. வளர்ந்தவர் விழுந்தாலோ முழங்காலோடு மானமும் தேய்ந்துவிடுகிறது. இந்த வித்தையைப் பிந்திக் கற்றவர்களுள் நானும் ஒருத்தி. ஆகையால், அறிந்தவர்களுக்கு உபதேசம் செய்ய நான் வரவில்லை. கற்க விரும்பியும் கூச்சத்தால் தயங்கி நிற்பவர்களோடு சில வார்த்தை பேசவே வந்தேன்.

நான் பிறந்து வளர்ந்தது மலைநாட்டிலே. தேயிலைச் சரிவுகளுக்கிடையே ஏறியும் இறங்கியும் வளைந்தும் செல்லும் பாதைகளில் சில்லு உருட்டிப் பழகச் சமநிலம் கிடைப்பது அருமை. மணமாகி யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வந்தபோது, மேசைபோலப் பரந்த அந்த நிலத்தில் பள்ளிச் சிறுமியரும் பாட்டிமாரும் ஒருங்கே துவிச்சக்கர வண்டியில் செல்வதைக் கண்டு வியந்தேன். வியந்தேனே தவிரக் கற்றேனில்லை. பஸ் இருந்தது, கணவரின் மோட்டார் சைக்கிள் இருந்தது. ஆனால் 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் எரிபொருள் தட்டுப்பாடு நாடெங்கும் கடுமையாயிற்று. நான் கற்பிக்கும் பாடசாலையோ வீட்டிலிருந்து ஆறு கிலோமீற்றர் தொலைவிலிருந்தது. அப்போது எனக்கு வயது நாற்பத்தொன்று.

எங்கள் ஒழுங்கையில், துவிச்சக்கர வண்டி திருத்தும் கடையை நெடுங்காலம் நடத்தி ஓய்ந்த முதியவர் ஒருவர் இருந்தார். அவரிடம் சென்று, “ஐயா, இந்த வயதிலும் பழகலாமோ?” என்று கேட்டேன். அவர் மறுமொழி கூறாமல் சாவி ஒன்றை எடுத்து, வண்டியின் மிதிகள் இரண்டையும் கழற்றிவிட்டார். இடப்பக்க மிதியின் புரி மற்றையதற்கு எதிர்மாறானது என்பதையும், அதைக் கடிகார முள் சுழலும் திசையிலே திருப்பினால்தான் கழலும் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். பின்பு, இரு பாதங்களும் நிலத்தில் முழுமையாகப் பதியும்படி இருக்கையைத் தாழ்த்தினார். “இப்ப இருந்துகொண்டு நடவுங்கோ, ரீச்சர்” என்றார்.

மிதியில்லாத வண்டியும் ஒரு வண்டியா என்று எண்ணினேன். ஆனால் வரலாற்றிலே வண்டி பிறந்த விதமே அதுதான். 1817இல் ஜேர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் வொன் டிரைஸ் என்பவர் உருவாக்கிய இருசில்லு வண்டிக்கு மிதியே கிடையாது. கால்களால் நிலத்தை உந்தி உந்தியே அதைச் செலுத்தினர். மிதி பின்னரே வந்தது. இன்றைய வடிவத்தையொத்த, சங்கிலியால் பின்சில்லைச் சுழற்றும் வண்டியை 1885இல் இங்கிலாந்தின் கொவன்றி நகரில் ஜோன் கெம்ப் ஸ்ரார்லி வெளியிட்டார். காற்றடைத்த ரயரை 1888இல் டன்லொப் என்பவர் பெல்பாஸ்ற் நகரில் செய்துகாட்டினார். மனித குலம் எந்த வரிசையில் இவ்வித்தையைக் கற்றதோ, அதே வரிசையில் கற்பதே எளிதாகும். முதலில் சமநிலை, பின்னரே மிதித்தல்.

சமநிலையின் இரகசியம் யாது? வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ, அந்தப் பக்கமே கைபிடியைச் சிறிது திருப்புதல் வேண்டும். அச்சம் நம்மை எதிர்ப்பக்கம் திருப்பத் தூண்டுகிறது; அதனாலேயே விழுகிறோம். சாயும் பக்கம் திருப்பும்போது சில்லுகள் நகர்ந்து நம் உடற்பாரத்தின் கீழே வந்துவிடுகின்றன. சுழலும் சில்லின் பம்பர இயல்பே வண்டியை நிமிர்த்துகிறது என்று பலர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். ஆனால் அவ்வியல்பை நீக்கிச் செய்த வண்டியும் ஆளின்றியே நிமிர்ந்து ஓடக்கூடும் என்பதை, நெதர்லாந்தினதும் அமெரிக்காவினதும் ஆய்வாளர்கள் 2011இல் செய்து காட்டினர். எனவே, ஓடும் வண்டி விழவே துடிக்கிறது என்று அஞ்சவேண்டியதில்லை. தக்க வேகத்தில் அது நிற்கவே முயல்கிறது. நாம் அதனைத் தடுக்காதிருந்தாற் போதும்.

நான்கு மாலைப்பொழுதுகள் பாடசாலை மைதானத்திலே காலால் உந்தி உருண்டேன். “சில்லைப் பாராதேயுங்கோ, போற இடத்தைப் பாருங்கோ” என்பதே ஐயா ஓயாமல் ஓதிய மந்திரம். கண் எங்கே செல்கிறதோ, கை அங்கே செல்கிறது. கல்லைக் கண்டு கல்லையே நோக்கினால், வண்டி கல்லை நோக்கியே போகிறது.

மிதியைப் பூட்டுமுன் அவர் பிறேக் பிடிக்கக் கற்பித்தார். ஓட அறியுமுன் நிற்க அறியவேண்டும் அன்றோ? எந்தப் பிடி எந்தச் சில்லை நிறுத்துகிறது என்பதை ஒவ்வொரு வண்டியிலும் முதலிற் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். நிறுத்தும்போது பாரம் முன்னோக்கிச் செல்வதால், முன் பிறேக்குக்கே வலிமை மிகுதி. ஆயின் அதைத் திடீரென இறுக்குவது ஆபத்து. மணலிலோ ஈரத்திலோ அது சில்லை வழுக்கச் செய்யும். இரண்டையும் ஒருமித்து, படிப்படியாக, உடலைச் சற்றுப் பின்னே சாய்த்துப் பிடித்தலே முறை. மழையில் நனைந்த சில்லு விரைவில் நிற்காது. ஆதலால் அந்நாளில் முன்கூட்டியே பிடித்தல் வேண்டும்.

இரண்டு வாரத்தில் மைதானத்திலே எட்டுப்போல் வளைந்து ஓடினேன். கற்றுவிட்டேன் என்று எண்ணி ஒரு காலை வீதிக்குப் புறப்பட்டேன். அங்கேதான் உண்மையான பாடம் காத்திருந்தது.

பின்னால் பஸ் ஒன்றின் ஒலி கேட்டது. அஞ்சினேன். தார் வீதியின் விளிம்புக்கு ஒதுங்கினேன், இன்னும் ஒதுங்கினேன். முன்சில்லு தாரை விட்டு இறங்கி மணலிற் புதைந்தது. பஸ் கடந்து சென்றது. பதற்றத்தோடு வண்டியை மீண்டும் வீதிக்குத் திருப்பினேன். விளிம்பின் உயர்ந்த ஓரம் சில்லின் பக்கத்தைத் தடுக்க, நான் மணலில் விழாமல் வீதியின் பக்கமே விழுந்தேன். பின்னே வந்த முச்சக்கர வண்டிச் சாரதி சமயத்தில் நிறுத்தியிராவிட்டால், இன்று இந்த ஒலிவாங்கியின் முன் நான் இருந்திருக்கமாட்டேன். எதிர்ப்புறத்தில் நின்ற என் வகுப்புப் பிள்ளைகள் மூவர் ஓடிவந்து புத்தகங்களைப் பொறுக்கித் தந்தனர்.

அதன்பின் ஒன்பது நாட்கள் வண்டியைத் தொடவில்லை. பத்தாம் நாள் ஐயா வந்து கேட்டார். “எனக்கு வீதியில் ஓடும் துணிவு இல்லை, ஐயா” என்றேன். அவர் சிரித்தார். “துணிவில்லாமல் இல்லை, ரீச்சர். பஸ்ஸுக்கு மரியாதை கூடிப்போச்சு. வீதியில உங்களுக்கும் பங்கிருக்கு” என்றார்.

நேயர்களே, நான் பெற்ற பாடங்களுள் தலையாயது இதுவே. அஞ்சி ஓரம் போவது பாதுகாப்பன்று. இடப்புறமாகவே செல்லவேண்டும், ஆனால் விளிம்பிலிருந்து ஏறக்குறைய ஒரு மீற்றர் உள்ளே, நேர்கோட்டிலே செல்லவேண்டும். அப்பொழுதுதான் பின்னே வருபவர் நம்மைக் காண்கிறார்; நம்மைச் சுற்றிச் செல்ல எண்ணுகிறார். விளிம்பில் ஒளிந்து செல்பவரை உரசிச் செல்லவே வாகனங்கள் முனைகின்றன. நிறுத்திவைத்த காரின் கதவு திடீரெனத் திறந்தாலும், உள்ளே செல்பவருக்கே விலக இடமுண்டு. தவறிச் சில்லு மணலில் இறங்கினால், ஓடியபடியே ஏற முயலாதீர்கள். நின்று, இறங்கி, பின்னே பார்த்து, வண்டியைத் தூக்கி வையுங்கள். புகைவண்டித் தண்டவாளத்தையும் சாய்வாகக் கடக்காமல் நேர்குறுக்காகவே கடத்தல் வேண்டும்.

வலப்புறம் திரும்புவது மற்றொரு சோதனை. முதலில் தோளுக்கு மேலாகப் பின்னே பார்த்தல், அடுத்துக் கையை நீட்டிக் காட்டல், அதன்பின்னரே திரும்பல். பின்னே பார்க்கும்போது வண்டி கோணாதிருக்க மைதானத்திலேயே பழகவேண்டும். நெரிசல் மிகுந்த சந்தியில் மனம் கலங்கினால், இறங்கி வண்டியை உருட்டிக் கடந்துவிடுங்கள். அதில் இழுக்கு ஏதும் இல்லை. இடப்புறம் திரும்ப நிற்கும் லொறியின் இடப்பக்கத்தே ஒருபோதும் நுழையாதீர்கள். சாரதியின் கண்ணுக்கு அவ்விடம் தெரியாது.

புறப்படுமுன் ரயரின் காற்று, பிறேக், சங்கிலி ஆகிய மூன்றையும் நோக்குங்கள். சேலைத் தலைப்பையும் துப்பட்டாவையும் செருகிக்கொள்ளுங்கள். சில்லு எதனையும் எளிதில் விடாது. பையைக் கைபிடியில் தொங்கவிடாது கரியரிற் கட்டுங்கள். இருளிலே முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் வேண்டும். தலைக்கவசம் அணிவது சிறந்தது.

விளக்கு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஐயா எனக்குப் பழகத் தந்தது அவருடைய பழைய வண்டி. 1990களில், யுத்தத்தின் நடுவே குடாநாட்டில் மின்சாரமும் இல்லை, பெற்றோலும் கிடைப்பதரிது. அக்காலத்தில் அந்த வண்டியே நோயாளியைச் சுமந்தது, விறகைச் சுமந்தது. இரவிலே அதைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவில் பிறந்த மின்சாரத்தால் வானொலி கேட்டாராம். வீடுகள் பலவற்றில் அப்படித்தான் உலகச் செய்தி வந்தது. “செய்தி முடியுமட்டும் சுத்தவேணும், நிப்பாட்டினால் குரலும் நிண்டுபோம்” என்றார் அவர்.

வண்டி ஓட்டுதலும் அத்தகையதே. நிறுத்தினால் சாய்கிறது, மிதித்தால் நிமிர்கிறது. பதினோராம் நாள் விளிம்பை விட்டு ஒரு மீற்றர் உள்ளே, நேராகச் சென்றேன். பின்னே பஸ் வந்தது, மணியடித்தது, விலகிச் சென்றது. என் கை நடுங்கியது. ஆயினும் வண்டி கோணவில்லை. பாடசாலை வாசலில், முன்பு புத்தகம் பொறுக்கித் தந்த மூவரும் நின்றனர். எவரும் கைதட்டவில்லை. “காலை வணக்கம், ரீச்சர்” என்றார்கள், அவ்வளவே. வழமையான வீதியில் வழமையாகச் செல்லும் ஒருத்தியாய் நானும் ஆகிவிட்டேன் என்பதை அவ்வார்த்தையே உணர்த்திற்று.

பிரான்சஸ் வில்லாட் என்னும் அமெரிக்க மாது, தமது ஐம்பத்துமூன்றாம் வயதில் துவிச்சக்கர வண்டி பழகி, அவ்வனுபவத்தை 1895இல் நூலாகவும் எழுதினார். எனக்கு அவரைவிடப் பன்னிரண்டு வயது குறைவு. இன்று இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுக்கு எத்தனை வயதாயினும் ஆகுக. இருக்கையைத் தாழ்த்துங்கள், மிதிகளைக் கழற்றுங்கள், கண்ணைத் தொலைவில் வையுங்கள். வீதியில் உங்களுக்கும் பங்குண்டு.