ஒரு ஹாரனுக்கு இவ்வளவு கோபமா?

பெரிய பிரச்சினை வந்தா நிதானமா இருக்கிற ஆளு, சிக்னல்ல பச்சை விழுறதுக்கு முன்னாடி பின்னால இருந்து ஹாரன் அடிச்சா கொதிச்சுப் போயிடுறார். ஏன்?

டால்ஃப் ஸில்மன் என்ற உளவியலாளர் 1970-களில் இதைச் சோதிச்சுப் பார்த்தார். சீண்டப்பட்டவங்கள்ல, நல்லா சைக்கிள் மிதிச்சவங்க மத்தவங்களைவிடக் கடுமையா திருப்பிக் கொடுத்தாங்க. யாரும் சீண்டலைன்னா சைக்கிள் மட்டும் அந்த வேலையைச் செய்யலை. மிதிச்ச உடனே, 'இது சைக்கிளால வந்த படபடப்பு'ன்னு நமக்குத் தெரியும். கொஞ்ச நேரம் போனா 'நார்மலாயிட்டோம்'னு நினைப்போம். உடம்பு இன்னும் ஆகியிருக்காது. ஆபத்தான நேரம் அதுதான். மிச்சமிருக்கிற படபடப்பு மொத்தமும் எதிர்ல வர்றவர் கணக்குல ஏறிடும்.

ஆறு மணி மீட்டிங், வேளச்சேரி டிராஃபிக், மூணு காபி. வீட்டுக்கு வந்ததும் அம்மா ரெண்டாவது தடவை "சாப்பிட்டியா?"ன்னு கேட்கிறாங்க. அவ்வளவுதான்!

எனக்கு உறுத்துறது வேற. அதே படபடப்பு மேனேஜர் முன்னாடி வெடிக்கிறதே இல்லையே? அப்ரைசல் ஞாபகம் வந்துடுது. டெலிவரி பையன், வாட்ச்மேன், அம்மா, இவங்ககிட்டதான் வெடிக்குது. ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டின்னு சும்மாவா சொன்னாங்க? ஸில்மனோட சைக்கிள் இதுக்குப் பதில் சொல்லாது.

கோபத்தை ஓடித் தீர்க்கலாம்னும் நினைக்காதீங்க. 154 ஆய்வுகளை அலசி 2024-ல் வந்த ஒரு தொகுப்பு, படபடப்பைக் குறைக்கிற விஷயங்கள்தான் கோபத்தையும் குறைக்குதுன்னு சொல்லுது. நான் பார்க்கிங்ல ஹெல்மெட்டைக் கழட்டிட்டு அஞ்சு நிமிஷம் சும்மா உக்காந்துட்டுத்தான் மேல போறேன். வாட்ச்மேன் அண்ணன், "வண்டி ஸ்டார்ட் ஆகலையா தம்பி?"ன்னு கேட்பார்.