கால் போத்தல் எண்ணெயில் என்ன இருக்கிறது?

(கலஹாவில் நடந்த நமது சங்க மாதர் அணிக் கூட்டத்தில், தோட்டப் பாடசாலை ஆசிரியையும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை)



போன மாதம் எங்கள் லயத்து அக்கா ஒருவர் ஒரு போத்தலைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். குவைத்தில் வீட்டு வேலை செய்த மகள், ஊருக்கு வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது. வெளியே மஞ்சள் பூப் படம். "டீச்சர், இது சமைக்கிறதா, தலைக்கு வைக்கிறதா? வாசிச்சுச் சொல்லுங்க" என்றார். நாலு மாதமாகத் திறக்காமல் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாராம்!

அது கனோலா எண்ணெய். ரேப்சீட் என்ற செடியின் விதையிலிருந்து எடுப்பது. நம் கடுகுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே மஞ்சள் பூ, அதே மாதிரி சின்ன விதை. இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் கனடாவில் இதைக் கப்பல் இயந்திரங்களுக்குப் பூசத்தான் பெரும்பாலும் வளர்த்தார்கள். அப்போதைய எண்ணெயில் எரூசிக் அமிலம் என்று ஒன்று அதிகம். அது இதயத்துக்கு ஆகாது என்று பயந்தார்கள். 1970களில் கனடாவின் விஞ்ஞானிகள் அந்த அமிலம் மிகக் குறைந்த விதையை உருவாக்கினார்கள். அதற்கு வைத்த பெயர்தான் கனோலா.

நல்ல எண்ணெயா? நல்லதுதான். இரத்தத்தில் கெட்ட கொழுப்பைக் கூட்டுகிற நிறைவுற்ற கொழுப்பு இதில் நூற்றுக்கு 7 பங்குதான். தேங்காய் எண்ணெயில் 80க்கும் மேல். மீனில் இருப்பதாகச் சொல்வார்களே ஒமேகா 3, அந்த இனத்தில் ஒரு வகை இதிலும் இருக்கிறது. தனி மணம் கிடையாது. ரொட்டிக்கும் ஆகும், தாளிக்கவும் ஆகும், பொரிக்கவும் ஆகும். மார்கழிக் குளிரிலும் உறையாது. ஆனால் நம் நாட்டுக்குக் கப்பலில் வருகிற சாமான். கண்டியில் பெரிய கடைத் தட்டில் அதன் விலையைப் பார்த்துவிட்டு நான் திருப்பி வைத்துவிட்டேன். அதனால் நாளையிலிருந்து கனோலா வாங்குங்கள் என்று சொல்ல நான் இங்கே நிற்கவில்லை. தேங்காய் எண்ணெய் விஷமும் இல்லை. அளவோடு ஊற்றினால் போதும். பிள்ளைகளுக்குக் கொஞ்சம் எண்ணெய் வேண்டும். பொன்னாங்காணியிலும் பூசணிக்காயிலும் இருக்கிற சத்து உடம்பில் சேர எண்ணெய் தேவை.

என் கவலை வேறு. அந்த அக்காவின் போத்தலில் பெயர் இருந்தது, திகதி இருந்தது, யார் செய்தது என்று இருந்தது. நாம் கடையில் வாங்குகிற கால் போத்தலில் என்ன இருக்கிறது? பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றுகிறார்கள். தேங்காய் எண்ணெய் என்று கடைக்காரர் சொல்கிறார், அவ்வளவுதான்.

இதே ரேப்சீட் எண்ணெயை வைத்து ஸ்பெயின் நாட்டில் நடந்ததைக் கேளுங்கள். தொழிற்சாலைத் தேவைக்கென்று பிரான்சிலிருந்து வந்த எண்ணெய் அது. யாரும் சமையலுக்கு எடுக்கக்கூடாது என்பதற்காகவே அனிலின் என்ற இரசாயனத்தைக் கலந்திருந்தார்கள். சில வியாபாரிகள் அந்த இரசாயனத்தைப் பிரித்தெடுக்கப் பார்த்தார்கள். பிறகு ஒலிவ் எண்ணெய் என்று சொல்லி, லேபல் இல்லாத 5 லீட்டர் பிளாஸ்டிக் கேன்களில் சந்தையிலும் வீடு வீடாகவும் விற்றார்கள். வாங்கியவர்கள் யார்? பெரும்பாலும் மாட்ரிட் நகரத்தைச் சுற்றியிருந்த தொழிலாளர் குடும்பங்கள். விலை மலிவு, வேறென்ன. 1981 மே 1ஆம் திகதி எட்டு வயதுப் பையன் ஒருவன் இறந்தான். தொழிலாளர் தினத்தன்று. முதலில் நுரையீரல் காய்ச்சல் என்றார்கள். எண்ணெய்தான் காரணம் என்று அரசாங்கம் சொல்ல ஒரு மாதத்துக்கு மேல் போனது. சுமார் 20,000 பேர் பாதிக்கப்பட்டார்கள், 300க்கும் அதிகமானவர்கள் இறந்தார்கள். பிழைத்தவர்களில் பலருக்குக் கைகால் முடங்கியது. கைகால் போனால் நமக்குப் பேர் விழுமா? அங்கும் அப்படித்தான். பாதிக்கப்பட்டவர்கள் அமைப்பாகச் சேர்ந்து வழக்காடினார்கள். 1989இல் வியாபாரிகளுக்குத் தண்டனை கிடைத்தது. அரசும் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்ல 1997 ஆகிவிட்டது.

இந்தியாவில் 1998இல் டெல்லியில் கடுகெண்ணெயில் பிரமதண்டு விதையின் எண்ணெய் கலந்து அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். நம் நாட்டில் 2021 சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னால் நடந்தது உங்களுக்கே ஞாபகம் இருக்கும். இறக்குமதித் தேங்காய் எண்ணெயில் அஃப்லடொக்சின் பிடிபட்டது. சரியாகக் காயாத கொப்பறையில் பூஞ்சணம் பிடித்தால் வருகிற நஞ்சு அது. ஈரல் புற்றுநோயை உண்டாக்கும். கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, கொதிக்க வைத்தாலும் போகாது.

சில பேர் என்னிடம் கேட்டார்கள், "டீச்சர், குளிருக்கு உறைஞ்சா நல்ல எண்ணெய்தானே?" பாதி சரி. தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையத் தொடங்கும். நம் கலஹாவின் தை மாதக் காலையில் உறையாமல் தண்ணீர் போல் நின்றால் சந்தேகப்படுங்கள். ஆனால் உறைந்துவிட்டது என்பதற்காக நஞ்சு இல்லை என்று நினைக்க வேண்டாம்.

அப்படியென்றால் ஏன் கடைக்காரரிடம் கேட்பதில்லை? நமக்குத் தெரியும். கொப்பியில் பற்று இருக்கிறது. சம்பளத்தன்று பாதியைக் கட்டி, மீதியை அடுத்த மாதத்துக்குத் தள்ளுகிறவர் எண்ணெயை முகர்ந்து பார்க்கவும் கூச்சப்படுவார். என் அம்மாவும் அப்படித்தான் வாங்கினார். சிக்கெடுத்த வாடை வந்த எண்ணெயை, "கடன்காரனுக்கு வாய் ஏது" என்று சொல்லிக்கொண்டே தாளித்தார். தனியாளாகக் கேட்க முடியாததைக் கேட்கத்தானே சங்கம் வைத்திருக்கிறோம்? சம்பளத்துக்கு மட்டுமா சங்கம்?

அதனால் இரண்டு காரியம் செய்வோம். கடைகளில் எண்ணெய் மாதிரி எடுத்துப் பரிசோதிக்கும்படி பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சங்கத்தின் பெயரில் கடிதம் கொடுக்கிறோம். தனிப்பட்ட யாருடைய பெயரும் அதில் இருக்காது, பயப்பட வேண்டாம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் நீங்களே பேசியும் முறையிடலாம்.

மற்றது, கூட்டாக வாங்குவது. எஸ்.எல்.எஸ். முத்திரையும் திகதியும் உள்ள, சீல் உடைக்காத 5 லீட்டர் கேன் ஒன்றை நாலு குடும்பம் சேர்ந்து எடுத்தால் ஆளுக்கு 1,250 மில்லிலீட்டர். கடையில் போத்தல் என்றால் 750 மில்லிலீட்டர், லீட்டர் என்றால் 1,000. விலை கேட்கும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கால் போத்தலாக நாலு தடவை வாங்குகிறவர் கொடுக்கிற மொத்தக் காசை இன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளைக் கொண்டு கூட்டிப் பாருங்கள். என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கூட்டிப் பார்த்துவிட்டு என்னையே திருப்பிக் கேள்வி கேட்டார்கள். முதல் மாதக் காசு கையில் இல்லாதவர்களுக்கு மாதர் அணி நிதியிலிருந்து கொடுத்து, இரண்டு சம்பளத்தில் திருப்பி எடுக்கலாம் என்று தலைவியிடம் கேட்டிருக்கிறேன். இன்றைக்கு நீங்கள் கை உயர்த்தினால் நடக்கும்.

சேருகிறவர்கள் வாசலில் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக் காம்பிராவுக்கு முன்னால் எல்லோர் கண்ணெதிரிலும் கேனை உடைத்து அளப்போம். போத்தலைக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்துக் கொண்டுவாருங்கள். உள்ளே துளி ஈரமும் இருக்கக்கூடாது.