மாடியில் ஒரு ஏரியல்

(ஒரு வீட்டு மொட்டை மாடியில் ரேடியோ ஏரியல் நாட்டிய அன்று மாலை, தெருவார் கூடியிருந்த கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேசப் போவது ஒரு கம்பியைப் பற்றித்தான். இந்த வீட்டுப் பெண் பதினாறு வயதில் சர்க்கார் நடத்தும் அமெச்சூர் ரேடியோப் பரீட்சையில் தேறி, லைசென்ஸும் வாங்கிவிட்டது. அப்படியிருந்தும் மூன்று மாத காலம் மாடியில் ஏரியல் கட்ட முடியாமல் இருந்திருக்கிறது. காரணம் பணமில்லாமை அல்ல. "கம்பி இடியை இழுக்கும், தெருவே எரிந்துபோகும்" என்றார் ஒருவர். "வடகிழக்கு மூலையில் உயரம் கூடாது, கம்பம் வைப்பதானால் தென்மேற்கில் வை" என்றார் வாஸ்து பார்க்கிற ஒருவர். "பெண் பிள்ளை மாடியேறிக் கம்பம் நடுவதா?" என்றார் இன்னொருவர்.

தோழர்களே! இம்மூன்றில் முதல் ஆட்சேபணையை நாம் கேலி செய்ய மாட்டோம். அதில் பாதி நியாயம் இருக்கிறது. உயரமான எந்தப் பொருளிலும் இடி விழக்கூடும். தென்னையில் விழவில்லையா? கோபுரத்தில் விழவில்லையா? ஆனால் விழுந்தால் என்ன செய்வது என்பதில்தான் நமக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம். நம்மவர்கள் "அர்ஜுனா! அர்ஜுனா!" என்று கத்தினார்கள். நம்மை விடப் புத்திசாலிகள் என்று சொல்லிக் கொண்ட ஐரோப்பியரோ, மழை மேகம் கூடினால் சர்ச்சு மணியை அடித்தார்கள். உயர்ந்த கோபுரத்தின் கீழே நனைந்த கயிற்றைப் பிடித்து நின்றால் என்ன ஆகும்? மணி அடித்தவர்கள் பலர் மாண்டார்கள்.

பெஞ்சமின் பிராங்ளின் என்பவர் மேகத்திலுள்ளதும் மின்சாரமே என்று சொல்லி, அதைச் சோதிக்கும் வழியையும் எழுதினார். 1752-ல் பிரான்சு தேசத்தில் மார்லி என்னும் ஊரில் அவர் எழுதியபடியே இரும்புக் கம்பி நட்டுப் பார்த்ததில், மேகத்து மின்சாரம் பொறி பறந்தது. மறு வருஷமே ரஷியாவில் ரிச்மன் என்ற விஞ்ஞானி அதே போன்ற சோதனையில் இடி தாக்கி இறந்து போனார். ஏன்? அவருடைய கம்பி தரையோடு சேர்க்கப்படவில்லை. விஞ்ஞானியாயிற்றே என்று இடி அவருக்குச் சலுகை காட்டவில்லை. தப்பை அவருக்குப் பின் வந்தவர்கள் கண்டு கொண்டார்கள்.

இந்நாளில் கோபுரக் கலசம்தான் நம் முன்னோர் வைத்த இடிதாங்கி என்று பெருமை பேசுகிறார்கள். உச்சியிலிருந்து பூமி வரை அறுபடாமல் தடித்த செப்புக் கம்பி போகிறதா என்று கேட்டால் பதில் இல்லை. அது இல்லாத கலசம் இடியைத் தாங்குவதற்கு யாதொரு வழியும் இல்லை.

சரி, இங்கே என்ன செய்தோம்? கம்பத்திலிருந்து தடித்த செப்புக் கம்பியை முறுக்கி வளைக்காமல் நேராகக் கீழே இறக்கிப் பூமியில் குழி வெட்டிப் புதைத்தோம். குழியில் உப்பும் கரியும் போட்டோம். இந்த வீட்டுப் பாட்டியம்மாள் நாம் திருஷ்டி கழிக்கிறோம் என்று சந்தோஷப்பட்டார்கள்! உப்பு ஈரத்தைப் பிடித்து மண்ணில் மின்சாரம் சுலபமாகப் பரவச் செய்யும் என்று சொன்ன பிறகு, "பிள்ளையைச் சுற்றிப் போட்டது அத்தனையும் வீண்தானா?" என்று அவர்களே கேட்டார்கள். இவ்வளவு செய்தும் நேரிடி விழுந்தால் ரேடியோப் பெட்டி தப்பும் என்று நாம் சொல்லவில்லை. ஆதலால் மேகம் கறுக்கும் முன்பே கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிட வேண்டும். ஐப்பசி மாதத்தில் இதில் சோம்பல் கூடவே கூடாது.

வாஸ்து விஷயத்துக்கு வருவோம். அவர் காட்டிய தென்மேற்கு மூலைக்குப் பத்தடி தூரத்தில் தெரு மின்சாரக் கம்பி போகிறது. இருபதடிக் குழாய் காற்றில் சாய்ந்தால் அதன் மேல்தான் விழும். பிடித்திருப்பவன் கதி என்ன? ஏரியல் கட்டுகிறவர்களைக் கொல்வதில் இடியை விட இந்தக் கம்பிக்கே நாம் அதிகம் பயப்பட வேண்டும். ஆகவே சாய்ந்தாலும் கம்பி எட்டாத வடகிழக்கு மூலையிலேயே நட்டோம்.

ஆனால் திசை பார்க்கவே இல்லை என்று எண்ணாதீர்கள். பார்த்தோம். போதிய உயரத்தில் கட்டிய ஏரியல் தன் நீளத்துக்குக் குறுக்கான திசைகளில்தான் அதிகமாக அலையை வீசும். கிழமேற்காகக் கட்டினால் டில்லிப் பக்கம் நன்றாகப் போகும். நம் முப்பதடி உயரத்துக்கு அந்த வித்தியாசம் சொற்பமே என்றாலும், கிடைப்பதை ஏன் விட வேண்டும்?

நீளத்துக்கும் கணக்கு உண்டு. ரேடியோ அலை வினாடிக்கு 30 கோடி மீட்டர் ஓடுகிறது. இந்தப் பெண் பேசப் போகும் அலை வினாடிக்கு 71 லட்சம் தடவை அதிர்வது. வகுத்தால் ஓர் அலை 42 மீட்டர், பாதி 21. கம்பியில் நூற்றுக்கு ஐந்து குறைத்து 20 மீட்டர், நடுவில் வெட்டிப் பக்கத்துக்குப் பத்து. முதலில் ஒரு முழம் அதிகமாகவே விட்டு, மீட்டரில் பார்த்துப் பார்த்து நறுக்க வேண்டும். நாம் அவசரப்பட்டு ஒரு பக்கத்தை அதிகமாக நறுக்கிவிட்டு, பிறகு துண்டுக் கம்பி சேர்த்துப் பற்ற வைத்தோம். கணக்குப் போட்டுக் கொடுத்த அந்தப் பெண் சிரித்தது.

கம்பியின் ஒரு முனை மேற்கே மாடிச் சுவரின் கழியில் இருக்கிறது. மறுமுனைக்கு மரம் வேண்டியிருந்தது. இருந்த ஒரே தென்னை, தெருவே எரியும் என்றாரே, அவருடையது! குழியையும் செப்புக் கம்பியையும் காட்டினோம். ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். பிறகு தாமே ஏணி கொண்டு வந்தார். மரம் ஆடும்போது கம்பி அறாதபடி கப்பி வைத்துச் செங்கல் தொங்கவிட்டதும் அவருடைய யோசனைதான். பேசும்போது கம்பியின் முனைகளில்தான் அழுத்தம் அதிகம். அதனால் கை எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறோம். குழந்தைகள் கொம்பால் தட்ட வேண்டாம்.

பெண் பிள்ளை நடுவதா என்றவருக்கு ஒரே சங்கதி. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி அடித்து அந்தமானில் டெலிபோன் செத்துக் கிடந்தபோது, அமெச்சூர் ரேடியோ வைத்துப் பேசுவதற்காகப் போர்ட் பிளேயருக்கு வந்திருந்த ஒரு கூட்டம், அதே ரேடியோவால் பிழைத்தவர் செய்தியைக் கரைக்கு அனுப்பிக் கொண்டிருந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் பாரதி பிரசாத் என்ற அம்மையார்.

ஏழு மணிக்குப் பெண் முதன்முதலாகப் பேசப் போகிறது. மேலே ஐந்து ஐந்து பேராக ஏறுங்கள். இழுத்துக் கட்டிய கயிறுகள் இருட்டில் தெரியாது, குனிந்து போங்கள்.