ஈரம் போன பிறகே கையெழுத்து



2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை, கடலூர் மாவட்டங்களில் பள்ளிகளுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் பதிவேடுகளைத்தான் முதலில் காப்பாற்றுவோம். நம் மாணவர்கள் ஆடி வென்ற மட்டையும் பந்தும் குழுப்படமும் அலமாரியிலேயே கிடக்கும். ஓரிரு நாளில் அவற்றில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும்.

மட்டை, பந்தில் உள்ள சேற்றை ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். வெயிலில் வைக்காதீர்கள், மரம் வெடிக்கும், தோல் விறைத்துச் சுருங்கும். நிழலில், மின்விசிறிக் காற்றில் வையுங்கள். ஒட்டிக்கொண்ட படங்களைப் பிய்க்காமல், சுத்தமான தண்ணீரில் சிறிது நேரம் வைத்து மெல்லப் பிரித்து, படம் மேலிருக்கும்படி உலர்த்துங்கள்.

ஆண்டு விழாவுக்கு விளையாட்டு வீரர் ஒருவர் வருகிறார் என்றால், மட்டையில் கையெழுத்து வாங்கிவிட அவசரப்படுவோம். மேலே தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும். உள்ளே ஈரம் இருக்கும். மை கசிந்து பரவிவிட்டால் கையெழுத்தும் போகும், மட்டையும் கெடும்.

மாணவர்களை நாள்தோறும் மட்டையை எடைபோட்டுக் குறிக்கச் சொல்லுங்கள். சில நாள்கள் தொடர்ந்து எடை குறையாமல் நின்றால் உலர்ந்துவிட்டது எனக் கொள்ளலாம். ஆவியாதல் பாடத்துக்கு இதைவிட நல்ல சோதனை வேண்டுமா? அதற்குள் வீரர் வந்துவிட்டால் வெள்ளை அட்டையில் கையெழுத்து வாங்கி, மட்டையின் அருகில் வையுங்கள்.